இரத்தம் கொதிக்கிறதா?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ யாருக்கேனும் 'இரத்தக் கொதிப்பு' இருப்பதாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பெயரை முதலில் வைத்தவர் யாரோ, நமக்குப் பெரிய தொல்லை கொடுத்துவிட்டார். கொதிப்பு என்றவுடன் சூடு நினைவுக்கு வருகிறது. முகம் சிவந்து, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவருக்குத்தான் அது வரும் என்று எண்ணத் தோன்றுகிறது. உண்மையில் இந்நோய் உள்ளவரின் இரத்தமும் இல்லாதவரின் இரத்தமும் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் ஓடுகின்றன. மாறுபடுவது வெப்பநிலை அன்று, அழுத்தம். அது உயர்ந்திருப்பதைப் பெரும்பாலோர்க்கு உடல் தெரிவிப்பதே இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தெரியாது.

புதுவை பாரதி பூங்காவின் நடுவில் ஆயி மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுந்தது அது. நீர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓட வேண்டுமானால், இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு வேண்டும். மேட்டு நிலமோ, உயரமான தொட்டியோ, பம்போ அதைத் தரலாம். நம் உடலில் அந்தப் பம்பு இதயம், குழாய்கள் தமனிகள்.

இந்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தமனியில் ஒரு குழாயைச் செருகி, அத்துடன் நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை நிமிர்த்தி இணைத்தார். இரத்தம் இதயத்தின் மட்டத்திற்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறிற்று! 1733-இல் வெளியான நூலில் இதை அவர் விவரித்திருக்கிறார். பாதரசக் கணக்கில் இது ஏறத்தாழ 195 மி.மீ. அமைதியாக நிற்கும் குதிரைக்கு இவ்வளவு இராது. கட்டிப்போட்டுக் கத்தி வைத்தால் எந்தக் குதிரைக்குத்தான் ஏறாது? மருத்துவரின் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் சிலருக்கு அழுத்தம் ஏறுவதும் இவ்வகையே.

ஒவ்வொரு முறையும் எட்டடிக் குழாயைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? பாதரசத்தின் அடர்த்தி நீரைப்போல் 13.6 மடங்கு. ஆகவே அதே அழுத்தத்தைத் தாங்கக் குட்டையான பாதரசத் தம்பம் போதும். 1828-இல் பாதரசக் குழாயைக் கொண்டு விலங்குகளின் தமனி அழுத்தத்தை அளந்தவர் பாரிஸ் மருத்துவர் ழான் புவாஸெய். பாடநூல்களில் 'பாய்சொய்' என்று படிக்கிறீர்களே, அவரேதான். பிரெஞ்சு தெரிந்த நம் ஊர்ப் பெரியவர்களிடம் பாய்சொய் என்று சொல்லிப் பாருங்கள், உடனே திருத்துவார்கள்.

அவர் பின்னர் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்திக் கண்ட விதியில்தான் நம் கதையின் உயிர் இருக்கிறது. குழாய் வழியே ஒரு நொடியில் பாயும் நீர்மத்தின் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவ்விதி. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரம் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைவதாகக் கொள்வோம். 0.9-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.656. அதே ஓட்டத்தை நிலைநிறுத்த அழுத்தத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்க வேண்டும். தமனி கண்ணாடிக் குழாய் அன்று, இரத்தமும் வெறும் நீர் அன்று. எனவே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மயிரிழை போன்ற சிறு தமனிகளின் சுவர்த்தசை சற்றே இறுகினாலும் இதயத்தின் வேலை எவ்வளவு கூடிவிடும் என்பதை இது காட்டிவிடுகிறது. அந்தக் கூடுதல் வேலையால் ஆண்டுக்கணக்கில் இதயச் சுவர் தடிக்கிறது. மூளை, சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் நுண்குழல்கள் நைகின்றன. பக்கவாதம் வந்து விழுந்த பிறகுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது.

120/80 என்பதில் மேலெண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழெண் அது தளரும்போது உள்ளது. 120 மி.மீ. பாதரசம் என்பது சுமார் ஒன்றரை மீட்டர் உயர இரத்தத் தம்பம். ஏறக்குறைய உங்களில் பலரின் உயரம்! வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140-க்கு மேலோ 90-க்கு மேலோ இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம்.

கையில் சுற்றும் பட்டையை 1896-இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி அமைத்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காவ் அதனுடன் ஸ்டெதஸ்கோப்பைச் சேர்த்தார். பட்டையில் காற்றடித்துத் தமனியை மூடிவிட்டால் ஒலியில்லை. காற்றை மெல்ல இறக்கும்போது, இடுக்கு வழியே இரத்தம் பீறிட்டுத் 'தட் தட்' என்று கேட்கத் தொடங்கும் புள்ளி மேலெண். தமனி முழுவதும் திறந்து ஒலி மறையும் புள்ளி கீழெண். பாதரசம் நச்சுப்பொருளாதலால், 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் பாதரசக் கருவிகள் விலக்கப்பட்டு வருகின்றன. ஆயினும் மின்னணுக் கருவியும் மி.மீ. பாதரசத்திலேயே பேசுகிறது.

இனி உப்பு. நம் உடல் நீர்மங்களின் உப்புச் செறிவு லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்புக்கு ஈடானது. மிகுதியாக 9 கிராம் உப்பு உள்ளே தங்கினால், அந்தச் செறிவைக் காக்க ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரும் கூடவே தங்க வேண்டும். சிறுநீரகம் வெளியேற்றும் வரை குழாய்களில் நீர்மம் கூடுதல்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மதுவும் அழுத்தத்தை ஏற்றும். தெருவுக்குத் தெரு மதுக்கடை உள்ள நம் ஊரில் இதை உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்துகளில் சில தமனித் தசையைத் தளர்த்துகின்றன. சில உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-இல் அவ்வேரிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதனினும் சிறந்தவை பல உண்டு. ஆனால், 'பிரஷர் சரியாகிவிட்டது' என்று சொல்லி மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்களே! மின்விசிறி சுழல்வதால் வியர்வை நின்றது. வியர்வை நின்றுவிட்டதே என்று விசிறியை நிறுத்தினால் என்ன ஆகும்? உங்கள் தாத்தாவோ பாட்டியோ அப்படிச் செய்தால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

வீட்டில் கருவி இருந்தால் அளக்கும் பொறுப்பை நீங்களே ஏற்கலாம். காப்பியோ தேநீரோ குடித்து அரை மணியாவது கழிந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். கை மேசைமேல் இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். ஏன் தெரியுமா? பட்டை 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் அந்த உயர இரத்தத் தம்பத்தின் எடையும் சேர்ந்து, கருவி ஏறத்தாழ 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். கையைத் தொங்கவிட்டபடி அளந்தால் நலமாக உள்ளவரும் நோயாளி ஆகிவிடுவார். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஜிப்மருக்குப் போனாலும் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் அந்த நோட்டைக் கையோடு கொடுத்தனுப்புங்கள்.