எல்லைச் சாலைகளில் இளம் ஓட்டுநர்கள்

சாலை வசதி பெருகுவது நாட்டு வளர்ச்சியின் அடையாளங்களுள் ஒன்று. விளைபொருள் சந்தையை அடைவதற்கும், மாணவர் கல்லூரிக்குச் செல்வதற்கும், நோயாளி உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்வதற்கும் சாலையே துணை புரிகிறது. ஆயினும் அதே சாலை ஆண்டுதோறும் ஏராளமான உயிர்களைப் பலி கொள்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்த 4,61,312 சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. இறந்தவர்களில் மூவரில் இருவர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டோர். உலக அளவிலும் 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்திற்கு முதற்காரணம் சாலை விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குடும்பத்தைத் தாங்கத் தொடங்கும் வயதில் ஒருவர் மறைவது அக்குடும்பத்தையே வறுமையில் தள்ளிவிடக்கூடும். ஆகவே இளைஞர்களிடையே நல்ல ஓட்டும் பழக்கத்தை வளர்ப்பதும் வளர்ச்சிப் பணியின் ஒரு பகுதியே ஆகும்.

இருவகைச் சாலைகள்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டை எல்லையாகக் கொண்டவை. தமிழ் பேசும் மக்கள் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் கணிசமாக வாழ்கின்றனர். படிப்பு, வேலை, வாணிபம் ஆகியவற்றிற்காக எல்லையைக் கடப்பது இங்கு அன்றாட நிகழ்ச்சி. ஆனால் இரு மாவட்டங்களின் சாலைகளும் தன்மையில் பெரிதும் வேறுபட்டவை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியே செல்லும் வாளையாறு–வடக்கஞ்சேரி நெடுஞ்சாலை அகன்றது, பெரும்பாலும் நேரானது. அங்குள்ள ஆபத்து மிகை வேகம். இடுக்கியிலோ குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகள் யாவும் செங்குத்தான மலைப்பாதைகள். தேனி மாவட்டச் சமவெளியிலிருந்து போடிமெட்டை அடைய ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளும், மூடுபனியும், மழைக்கால மண்சரிவும் அங்குள்ள ஆபத்துக்கள். தேனி மாவட்டத்தின் தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று திரும்புவதும் இப்பாதைகளில்தான்.

இவ்விரு சாலைகளும் தந்த பாடங்கள் கசப்பானவை. 2022 அக்டோபர் 5ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பள்ளி மாணவர்களுடன் உதகமண்டலம் நோக்கிச் சென்ற சுற்றுலாப் பேருந்து, வடக்கஞ்சேரி அருகே கேரள அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்தின் பின்புறம் மோதியது. மாணவர்கள் ஐவர் உட்பட 9 பேர் மாண்டனர். அப்பேருந்து மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் சென்றமை பின்னர்த் தெரிய வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், சபரிமலையிலிருந்து திரும்பிய தேனி மாவட்டப் பக்தர்களின் வாகனம் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் உயிரிழந்தனர்.

வேகத்தின் கணக்கு

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் 11 மீட்டர் நகர்கிறது. 80 கிலோமீட்டரில் 22 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள் இத்தொலைவு கடந்துவிடும். அதன்பின் வாகனம் நிற்பதற்கு வேண்டிய தூரமோ, வேகம் இருமடங்கானால் நான்கு மடங்காகிறது. ஈரச் சாலையில் அது இன்னும் நீளும். இருசக்கர வாகனங்களுக்கான உச்ச வேகத்தைக் கேரள அரசு 2023 ஜூலை முதல் 70 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைத்ததன் காரணம் இதனால் விளங்கும்.

மலைப்பாதையில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக்கை அழுத்தினால் அது சூடேறி வலுவிழக்கிறது. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் விதி. இயந்திரமே வாகனத்தை இழுத்துப் பிடிக்கும். இளைஞர் பலர் பயன்படுத்தும் கியரில்லா ஸ்கூட்டர்களில் இவ்வுதவி குறைவு. ஆதலால் தொடக்கம் முதலே மெதுவாக இறங்குவதும், இடையில் நிறுத்திப் பிரேக்கை ஆறவிடுவதும் இன்றியமையாதவை. குறுகிய சரிவில் இறங்கும் வாகனம் ஓரமாக நின்று, ஏறிவரும் வாகனத்திற்கு வழிவிட வேண்டும் என்பதும் சாலை விதி.

சட்டமும் அதன் எல்லையும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கியருள்ள இருசக்கர வாகனம் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோரின் பொறுப்பை வலியுறுத்துகிறது. சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறார் 25 வயது வரை பழகுநர் உரிமம் பெற இயலாது. தலைக்கவசம் அணியாதோருக்கு அபராதத்துடன் மூன்று மாத உரிமத் தடையும் உண்டு. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் தானியங்கிக் காமிராக்கள் பதிவு செய்யும் விதிமீறல்களுக்கு அபராதம் விதிக்கப்படுகிறது.

இவை தேவையான நடவடிக்கைகளே. எனினும் ஒவ்வொரு வளைவிலும் காமிரா வைக்க இயலாது. நல்ல பழக்கம் ஒன்றே ஓட்டுநருடன் எல்லா வளைவுகளுக்கும் செல்லும். அப்பழக்கமோ உரிமம் பெறும் நாளில் தோன்றுவதன்று. தந்தையும் தமையனும் ஓட்டுவதைப் பல்லாண்டு பார்த்தே பிள்ளைகள் கற்கின்றனர். தலைக்கவசத்தை வண்டியில் மாட்டிக்கொண்டு காவலரைக் கண்டதும் அணியும் தந்தை, விதி என்பது காவலருக்காக என்றே மகனுக்குக் கற்பிக்கிறார்.

பழக்கத்தை வளர்க்கும் வழிகள்

1987இல் நியூசிலாந்து, புதிய ஓட்டுநர்களுக்குப் படிப்படியாக உரிமை வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. தொடக்கக் கட்டத்தில் இரவுப் பயணத்திற்கும், நண்பர்களை ஏற்றிச் செல்வதற்கும் கட்டுப்பாடு உண்டு. பிற நாடுகள் பலவும் இதனைப் பின்பற்றின. நம் சட்டத்தில் இத்தகைய படிநிலை இல்லையெனினும், பெற்றோர் தாமே இதனைக் கடைப்பிடிக்கலாம். உரிமம் பெற்ற முதல் ஆண்டில் இரவில் ஓட்டாமை, பின்னிருக்கையில் நண்பரை ஏற்றாமை, அனுபவமுள்ளவர் துணையின்றி மலைப்பாதையில் செல்லாமை ஆகிய மூன்றும் எவ்விதச் செலவுமின்றிக் கைக்கொள்ளக்கூடியவை.

பள்ளிகளின் பங்கும் பெரிது. 2010இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட மாணவர் காவல் படைத் திட்டம் சாலை ஒழுக்கத்தையும் கற்பிக்கிறது. எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளில் இப்பயிற்சி தமிழிலேயே அமைந்தால் பயன் மிகும். வாகனம் ஓட்டாத மாணவர்க்கும் இதில் கடமை உண்டு. வேகம் மிகும்போது அதனைக் கொண்டாடாமல், குறைக்குமாறு ஓட்டுநரிடமும் ஆசிரியரிடமும் சொல்லும் துணிவு பயணிகளுக்கு வேண்டும் என்பதே வடக்கஞ்சேரி தரும் பாடம்.

எல்லையின் இருபுறமும் பணிபுரியும் அலுவலர்கள் ஒத்துழைத்தால் பயன் பன்மடங்காகும். மலையடிவாரத்தில் தமிழிலும் மலையாளத்திலும் எச்சரிக்கைப் பலகைகள் அமைத்தல், ஐயப்பன் விழாக் காலத்தில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்க இடமளித்தல், தோட்டத் தொழிலாளர் செல்லும் ஜீப்புகளில் ஆள் எண்ணிக்கையையும் பிரேக்கையும் இரு மாநிலத்தாரும் சேர்ந்து சோதித்தல் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். 2030க்குள் சாலை மரணங்களைப் பாதியாகக் குறைப்பது ஐக்கிய நாடுகள் சபை வகுத்த இலக்கு. மாலையில் தோட்டத்திலிருந்து இறங்கும் ஜீப்பும், கல்லூரியிலிருந்து திரும்பும் இருசக்கர வாகனமும் நாள்தோறும் பத்திரமாக வீடு சேர்வதே அவ்விலக்கை நோக்கிய நடையாகும்.