நூல் பிடித்து அளந்த தூரம்

போன மாத வாலிபர் கூட்டத்தில், ஞாயிறு பள்ளி அறையிலிருந்த உலக உருண்டையை நடுவில் வைத்துக்கொண்டோம். ஒரு தையல் நூலின் ஒரு முனையை நாங்கள் வாழும் பெர்த் நகரிலும் மறு முனையை இலண்டனிலும் வைத்து இறுக்கிப் பிடித்தோம். நூல் எங்கே கிடந்தது தெரியுமா? இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, கண்டிப் பக்கமாக இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடா வழியாக மதுரைக்கு அருகில்!

தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அது நம் ஊரைத் தொடாமல் அரபிக்கடல் வழியே போகும். பூமி உருண்டை என்பதால் நூல் காட்டும் வழிதான் மிகக் குறுகியது. அதன் நீளம் சுமார் 14,500 கிலோமீட்டர்.

1947இல் சிட்னியிலிருந்து இலண்டனுக்கு விமானத்தில் போக நான்கு நாள் ஆனது. 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து இலண்டனுக்கு எங்கும் இறங்காத சேவை தொடங்கியது. பயணம் ஏறத்தாழ 17 மணி நேரம். திரும்பி வரும்போது அரை மணி நேரத்துக்கு மேல் குறைவது வழக்கம். "பூமி சுழல்வதாலா?" என்று ஒரு தம்பி கேட்டான். இல்லை, காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்றுதான் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. அந்தக் காற்றையும், மூடப்பட்ட வான்பகுதிகளையும் பார்த்து விமானம் நூல் வழியை விட்டு விலகியும் போகும்.

சரி, மதுரைக்கு எவ்வளவு தூரம்? சுமார் 6,200 கிலோமீட்டர். இலண்டன் தூரத்தில் பாதிகூட இல்லை. அப்படியானால் ஏழெட்டு மணி நேரம்தானே?

எங்கள் சபையில் ஒரு குடும்பம் அப்படித்தான் மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தது. ஊரில் தாத்தா படுத்த படுக்கையானதும், "கூப்பிட்டால் ஒரே நாளில் போய்விடலாம், பரீட்சை முடியட்டும்" என்று இருந்தார்கள். அழைப்பு வந்தபோது பேரனின் விசா முடிந்திருந்தது. அது கைக்கு வர இரண்டு நாள். பிறகு சிங்கப்பூரில் ஒரு காத்திருப்பு, சென்னையில் இன்னொன்று. வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவுக்கு 24 மணி நேரம். தாத்தாவின் கையைப் பிடிக்கப் புறப்பட்டவர்கள் அடக்க ஆராதனைக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று அந்த அண்ணனும் எங்களோடு உட்கார்ந்து நூலைப் பிடித்திருந்தார். "தூரத்தைப் பார்த்தேன், வழியைப் பார்க்கவில்லை" என்றார். அதற்குப் பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை.

ஆகவே இந்த வாரமே நாம் மூன்று காரியம் செய்வோம். வீட்டிலுள்ள எல்லாருடைய பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் கடைசித் தேதியைப் பார்ப்போம். ஊர் போய்ச் சேர உண்மையில் எத்தனை மணி நேரம் என்பதைக் காத்திருப்பையும் சேர்த்து எழுதி வைப்போம். மூன்றாவது மிகவும் எளிது: பெர்த்தில் இரவு எட்டு மணி என்றால் ஊரில் மாலை ஐந்தரை. பாட்டி விழித்திருக்கும் நேரம்தான். கூப்பிடுங்கள்.