அலிப்பூரில் வீடு, சென்னையில் உரிமையாளர்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள அலிப்பூருக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்: 1876இல் திறக்கப்பட்ட விலங்குக் காட்சிசாலை, பெல்வெடியர் வளாகத்திலுள்ள தேசிய நூலகம், 2022 முதல் அருங்காட்சியகமாக விளங்கும் பழைய சிறைச்சாலை. வாடகை வருமானத்தை நம்பி வெளியூரில் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு நான் நான்காவதாக ஒன்றைக் காட்டுவேன். அது பிஜய் மன்ஸில் என்னும் மாளிகை. பர்த்வான் மகாராஜாக்களின் அலிப்பூர் இல்லம் அது. அவர்களுடைய நிலங்கள் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன.

1793இல் காரன்வாலிஸ் பிரபு கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் வங்காளத்து ஜமீன்தார்களுக்கு ஒரு கெடு வைத்தது. குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் வரி கட்டப்படாவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும். பல பழைய ஜமீன்கள் அவ்வாறு சிதறின. பர்த்வான் ஜமீனின் மகாராஜா தேஜ்சந்திரர் ஒரு வழி கண்டார். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, நிலையான தொகைக்கு நிரந்தரக் குத்தகையாக இடைத்தரகர்களிடம் ஒப்படைத்தார். இதற்குப் பட்னி என்று பெயர். 1819இல் சட்டமே இம்முறையை ஏற்றுக்கொண்டது. பட்னிதாரர் தம் பங்குக்குத் தர்பட்னிதாரரை அமர்த்தினார். அவருக்குக் கீழே சேபட்னிதாரர் வந்தார். உழுதவன் கொடுத்த பணம் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் குறைந்து மேலே சென்றது. ஜமீன்தாருக்குத் தொகை தவறாமல் வந்ததென்னவோ உண்மை. ஆனால் தம் நிலத்தில் யார் உழுகிறார், என்ன விளைகிறது, எவ்வளவு வசூலாகிறது என்பதை அவர் அறியும் வழி அடைபட்டுவிட்டது.

1953ஆம் ஆண்டின் மேற்கு வங்க எஸ்டேட் கையகப்படுத்தல் சட்டத்தோடு அந்தக் காலம் முடிந்தது. எனினும் தொலைவிலிருந்து வாடகை வசூலிப்பதன் அடிப்படைச் சிக்கல் சற்றும் மாறவில்லை என்பதை என் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டேன்.

பணி நிமித்தம் எட்டு ஆண்டுகள் கொல்கத்தாவில் இருந்தேன். லேக் மார்க்கெட் பக்கம், வாழையிலையும் காப்பித்தூளும் எளிதாகக் கிடைக்கும் தெருக்களில்தான் எங்கள் குடியிருப்பு. சென்னைக்கு மாற்றலாவதற்கு ஓராண்டு முன்பு, அலிப்பூரில் இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அடுக்ககத்தை வாங்கினேன். நகரத்தின் மீதிருந்த பாசம் பாதி, வாடகை வருமானம் என்ற எண்ணம் பாதி. முதல் இரண்டு வாடகைதாரர்களும் நல்லவர்கள். அடுத்த தெருவில் நெடுநாள் பழகிய தரகர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்திருந்தேன். ஆள் பார்ப்பது, வாடகை வாங்கி என் கணக்கில் கட்டுவது, குழாய் பழுது பார்ப்பது என எல்லாவற்றையும் அவரே கவனித்தார்.

ஒரு முறை வாடகைதாரர் காலிசெய்த பிறகு நான்கு மாதங்களாகப் புதிய ஆள் அமையவில்லை. "துர்கா பூஜை முடியட்டும் ஐயா, இப்போது யாரும் வீடு மாற மாட்டார்கள்" என்றார் தரகர். அது நியாயமாகவே பட்டது. மின்கட்டணம் என் பெயரில் இருந்ததால், சி.இ.எஸ்.சி. நிறுவனத்தின் ரசீதை இணையத்தில் நானே பார்த்துக் கட்டுவது வழக்கம். ஆளில்லாத வீட்டில் ஒரு மாதம் 190 யூனிட், மறுமாதம் 204 யூனிட். மீட்டர் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். சந்தேகம் விடாமல் தொடர, யாரிடமும் சொல்லாமல் கொல்கத்தாவுக்குச் சென்று கதவைத் தட்டினேன். நான்கு இளைஞர்கள் குடியிருந்தார்கள். மாதந்தோறும் தரகரிடம் ரொக்கமாக வாடகை கொடுத்து வந்திருக்கிறார்கள். என்னைக் கண்டு அவர்கள்தாம் அதிகம் பதறினார்கள்.

அவர்கள் மீது குற்றமில்லை; ஆறு வாரத்தில் வேறிடம் பார்த்துக்கொண்டு சென்றார்கள். எனக்கு ஐந்து மாத வாடகையும், அடுக்ககச் சங்கத்துக்குச் செலுத்தப்படாமல் நின்ற பராமரிப்புக் கட்டணமும் நட்டம். தரகர் மீது வழக்குத் தொடுக்கலாமே என்றார்கள். அதற்கு எத்தனை முறை 1,600 கிலோமீட்டர் பயணம் செய்வது என்று கணக்கிட்டுப் பார்த்து விட்டுவிட்டேன். இது கோழைத்தனமா, விவேகமா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

பர்த்வான் கதை அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆள் பார்ப்பவர், பணம் வாங்குபவர், வீட்டின் நிலையைச் சொல்பவர் மூவரும் ஒருவராகவே இருந்தால், உரிமையாளருக்குக் கண் என்று ஒன்று இல்லை. அதனால் மூன்றையும் பிரித்தேன். வாடகை, குடியிருப்பவரின் வங்கிக் கணக்கிலிருந்து நேரே என் கணக்குக்கு நிலையான ஆணையின் பேரில் வருகிறது. பராமரிப்புக் கட்டணத்தைச் சங்கத்துக்கு நானே அனுப்புகிறேன். ரசீதைச் சங்கச் செயலாளர் அனுப்புகிறார். சொத்துவரியைக் கொல்கத்தா மாநகராட்சிக்கு இணையத்தில் கட்டுகிறேன். தரகரின் வேலை ஆளைக் காட்டுவதோடு முடிகிறது. மின் இணைப்பை மட்டும் என் பெயரிலேயே வைத்திருக்கிறேன். குடியிருப்பவர் பாக்கி வைத்துச் சென்றால் சுமை என் மீது விழும் என்பது உண்மை. அதற்காக முன்பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறேன். அந்த மாதாந்திர யூனிட் எண்ணிக்கைக்காக இந்தச் சிறு அபாயத்தை ஏற்கலாம் என்பது என் கருத்து.

இனி வருமானக் கணக்கு. அலிப்பூரில் இன்று 2.5 கோடி ரூபாய்க்கு ஓர் அடுக்ககம் வாங்கி, மாதம் 60,000 ரூபாய்க்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். (எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, உங்கள் வீட்டுக்கு உங்கள் எண்களை இட்டுப் பாருங்கள்.) ஆண்டு வாடகை 7.2 லட்சம், அதாவது விலையில் 2.88 விழுக்காடு. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று 60,000 கழியுங்கள். பராமரிப்பு 96,000, சொத்துவரி 40,000, இரண்டாண்டுக்கு ஒருமுறை தரகுக் கூலி என்ற கணக்கில் ஆண்டுக்கு 30,000, பழுதுபார்ப்பு 30,000, நீங்கள் இருமுறை சென்றுவர 40,000. மீதி 4.24 லட்சம், விலையில் 1.7 விழுக்காடு.

வரி இன்னும் வரவில்லை. கையில் வந்த வாடகையிலிருந்து செலுத்திய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 விழுக்காட்டை நிலையான கழிவாக வருமான வரிச் சட்டம் அளிக்கிறது. தரகு, பழுது, பயணம் அனைத்தும் இந்த 30 விழுக்காட்டுக்குள் அடக்கம். நீங்கள் எதிர்வீட்டில் வசித்தாலும் அதே 30. விமானம் ஏறிச் சென்றாலும் அதே 30. ஆக, தொலைவுக்கென்று சட்டத்தில் தனிச்சலுகை ஏதுமில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் வரிக்குரிய தொகை 4.34 லட்சம். உயர்ந்த வரம்பில் இருப்பவர் கூடுதல் தீர்வை உட்பட ஏறத்தாழ 1.35 லட்சம் கட்ட வேண்டும். எஞ்சுவது 2.89 லட்சம், விலையில் 1.2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 1.5 கோடி கடன் பெற்று வாங்கியிருந்தால், 8.5 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 1.3 லட்சம், வாடகை அதில் பாதிக்கும் குறைவு. கடனுக்கான வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். ஆனால் அதனால் வரும் நட்டத்தைப் பிற வருமானத்தோடு ஈடுசெய்வதற்குப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் என்ற வரம்பு உண்டு. புதிய முறையில் அதற்கும் வழியில்லை.

வங்கியின் இதழில் இதை எழுதினால் வைப்புநிதிக்கு விளம்பரம் என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியன்று. மனையின் விலை உயரும் என்று கருதி வாங்குபவருக்கு வேறு கணக்கு உண்டு. அது வாடகைக் கணக்கன்று என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டத்தைப் பழகியவர்கள் கொல்கத்தாவிலும் அதே விதிகளை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே மேற்கு வங்க வளாகக் குத்தகைச் சட்டம், 1997 இருக்கிறது. ஆயினும் கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் மாத வாடகை 6,500 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு அது பொருந்தாது. அத்தகைய வீடுகள் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆகவே நீங்கள் எழுதும் ஒப்பந்தமே உங்களுக்குக் காவல். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தங்கள் பெருகியதற்குக் காரணம் இதுதான். வழக்கு என்று வந்துவிட்டால் அலிப்பூரிலுள்ள மாவட்ட நீதிமன்றப் படிகளில்தான் ஏற வேண்டும். சென்னையிலிருந்து அந்தப் படிகள் வெகு தூரம்.

இந்த 6,500 ரூபாய் வரம்புக்கு மறுபக்கமும் உண்டு. கொல்கத்தாவின் பழைய வீடுகளில் சில நூறு ரூபாய் வாடகையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மேற்சொன்ன சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். "ஆளோடு சேர்த்து" மலிவாக விற்பனைக்கு வரும் வீட்டைப் புகைப்படம் பார்த்து வாங்குவது பெருந்தவறு. நகரின் பல பகுதிகளில் திகா நிலம் என்று ஒன்றும் உண்டு: வாடகை நிலத்தில் குத்தகைதாரரே கட்டிக்கொண்ட வீடுகள். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நிலம் அரசின் வசமாயிற்று. சாதாரண மனையைப் போல அதை விற்கவோ வாங்கவோ இயலாது. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் பதிவேடுகளைத் தேடிப் பார்க்காமல் முன்தொகை கொடுக்காதீர்கள். பத்திரப் பதிவு முடிந்ததும் மாநகராட்சிப் பதிவேட்டில் பெயர் மாற்றம் செய்துகொள்வதும் அவசியம். வெளியூர்க்காரர்கள் தள்ளிப்போடும் வேலைகளில் இதுவே முதலாவது.

அதிகாரப் பத்திரம் பற்றியும் ஒரு சொல். பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் சொத்துரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. வாடகைக்கு விடவும் ரசீது வாங்கவும் மட்டும் அதிகாரம் தரும் குறுகிய பத்திரத்தையே எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைச் "சும்மா இருக்கட்டும்" என்று சேர்க்காதீர்கள்.

நான் தானப் பத்திரம் மூலம் வீட்டில் என் மகனுக்கும் பங்கு வைத்தேன். அவன் டொராண்டோவில் இருக்கிறான். அதனால் கணக்கு இன்னொரு படி நீண்டது. உரிமையாளர் இந்தியாவில் வசிப்பவரானால், மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டும்போதுதான் தனிநபரான வாடகைதாரர் வரி பிடிக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் அது 2 விழுக்காடு. வெளிநாடுவாழ் உரிமையாளருக்குச் செல்லும் வாடகையில் தொகை எவ்வளவாயினும் 31.2 விழுக்காடு பிடித்தம் உண்டு. வாடகைதாரர் அதற்கென வரிப்பிடித்த எண் பெற வேண்டியிருப்பதால், இதைக் கேட்டதும் பின்வாங்கியவர்கள் இருவர். குறைந்த பிடித்தச் சான்றுக்கு வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. மகனின் பங்கு அவனுடைய என்.ஆர்.ஓ. கணக்கில் சேர்கிறது, வரி செலுத்தியதும் அந்த வாடகையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை. கனடாவில் வசிப்பவர் தம் உலக வருமானம் முழுவதையும் அங்கே காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரிக்கு இருநாட்டு ஒப்பந்தத்தின்படி அங்கே கழிவு கிடைக்கும். வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்கவிலை 1 லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் தனிப் படிவமும் உண்டு. மகன் முதலாண்டு இதை மறந்து, பிறகு விழித்துக்கொண்டான்.

எந்தப் படிவத்திலும் அடங்காதவை சில. 2018 செப்டம்பர் 4 அன்று, அலிப்பூரைப் பெஹாலாவோடு இணைக்கும் மாஜேர்ஹாட் மேம்பாலம் இடிந்து விழுந்தது. புதிய பாலம் திறக்கப்பட 2020 டிசம்பர் ஆயிற்று. பெஹாலாவில் வேலை பார்த்த என் வாடகைதாரர் ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டை விட்டார். காரணத்தை நான் செய்தித்தாளில் அன்றே படித்திருந்தேன். அதை என் வீட்டோடு பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்தபோது நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. சாளரக் கண்ணாடி உடைந்து படுக்கையறையில் தண்ணீர் நின்றது. எதிர்வீட்டு அம்மையார்தான் ஆளை அழைத்துத் தார்ப்பாய் கட்டினார். ஒவ்வொரு பயணத்திலும் அவருக்குக் கும்பகோணம் காப்பித்தூள் கொண்டுசெல்கிறேன். கணக்குப் புத்தகத்தில் அச்செலவுக்குத் தலைப்பு இல்லை.

இப்போது குடியிருப்பது ஓர் ஆசிரியர் தம்பதி. வாடகை 3ஆம் தேதி வந்துவிடுகிறது. மின்கட்டண ரசீதைப் பார்க்கும் வேலையை மகன் எடுத்துக்கொண்டான். சென்ற மாத ரசீதில் 46 யூனிட்டே இருப்பதைக் கண்டு, டொராண்டோவிலிருந்து நள்ளிரவில் என்னை எழுப்பினான். காலையில் விசாரித்ததில் தெரிந்தது: கோடை விடுமுறைக்கு அவர்கள் டார்ஜிலிங் போயிருந்தார்களாம்.