உங்களுக்குத் தெரியுமா? ஸ்காட்லாந்தின் வரி நியாயம்

ஸ்காட்லாந்து அரசின் வரிக் கொள்கைக்கு வேர், அந்நாட்டின் கர்க்கால்டி ஊரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் வகுத்த நான்கு நெறிகள்: செலுத்துவோரின் சக்திக்கேற்ற வரி, எவ்வளவு என்பதில் தெளிவு, செலுத்த வசதி, வசூலில் சிக்கனம். 2021-இல் வெளியான வரிக் கொள்கை ஆவணம், மக்களைக் கலந்தாலோசிப்பதையும் நோக்கம் நிறைவேறுவதையும் இவற்றோடு சேர்த்தது.

இந்த நெறிகள் வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை என்பதற்கு வீட்டு விற்பனை வரியே நல்ல சான்று. பிரிட்டன் முழுவதும் இருந்த பழைய முத்திரை வரியில், 2,50,000 பவுண்டு வீட்டுக்கு 1 சதவீதம், அதாவது 2,500 பவுண்டு. விலை ஒரு பவுண்டு கூடினாலும் முழுத் தொகைக்கும் 3 சதவீதம். வரி 7,500 பவுண்டாக எகிறும். இந்த அநியாயத்தை நீக்கி, வரம்பைத் தாண்டும் பகுதிக்கு மட்டுமே கூடுதல் வீதம் என்ற சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2013-இல் நிறைவேற்றியது. 2015 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. லண்டனில் உள்ள பிரிட்டன் அரசும் அதற்கு முன்பே, 2014 டிசம்பரில், இதே முறைக்கு மாறியது.

ஸ்காட்லாந்தில் சம்பள வருமானத்துக்கும் 2018-இல் ஐந்து வரிப் படிகள் வந்தன, 2024-இல் ஆறாயின. மிகக் குறைந்த வீதம் 19 சதவீதம், மிக உயர்ந்தது 48. ஆயினும் வருமான வரியில் ஸ்காட்லாந்தின் அதிகாரம் முழுமையானதல்ல. வரி விலக்கு வரம்பையும், வட்டி, பங்கு ஈவுத்தொகை மீதான வரியையும் லண்டன் அரசே தீர்மானிக்கிறது.