சுவரில் ஒட்டிய வினை

ஜூலை மாத மும்பை. அந்தேரி, ஓஷிவாரா பக்கம் அடுக்குமாடி வீடுகளின் சின்ன அறைகளில் டப்பிங்கும் பாட்டுப் பதிவும் நடக்கின்றன. வெளியே காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. பதிவு நடக்கும்வரை ஏ.சி. ஓடும். இரவில் நிறுத்திப் பூட்டிவிட்டுப் போனால், மறுநாள் கதவைத் திறந்ததும் புழுங்கிய வாடை முகத்தில் அடிக்கும். சுவர் முழுக்க ஒட்டிய கறுப்பு ஃபோமைப் பிய்த்துப் பார்த்தால் பின்புறம் திட்டுத்திட்டாகப் பூசணம்.

ஒலியை உறிஞ்சும் குணமே இங்கு எதிரியாகிறது. ஃபோமின் நுண்துளைகளில் நுழையும் ஒலி, உராய்வில் வெப்பமாகி அடங்குகிறது. அதே துளைகளில் ஈரமும் தங்குகிறது. மழையில் ஊறிய வெளிச்சுவரில் பசை தடவி ஒட்டிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லை. பாலியூரிதேன் ஃபோமில் பாலியெஸ்டர் வகை, ஈரத்தில் வேதிப் பிணைப்பு அறுந்து நாளடைவில் பொடியாக உதிரும். பாலிஈதர் வகை தாக்குப்பிடிக்கும். எந்த வகை என்று கடைக்காரர்கள் சொல்வது அபூர்வம். வாங்குபவர்கள் கேட்பது அதைவிட அபூர்வம்.

உதிர்வதாவது பணநஷ்டத்தோடு போகும். தீ அப்படியல்ல. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'ஸ்டேஷன்' கேளிக்கை விடுதியில், மேடை வாணவேடிக்கைப் பொறி சுவர் ஃபோமில் பட்டு 100 பேர் மாண்டனர். தீ பிடித்த ஒன்றரை நிமிடத்துக்குள் அந்தக் கூடம் மனிதர் பிழைக்க முடியாத இடமாகிவிட்டதைப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. 2013இல் பிரேசிலின் சாண்டா மரியாவில் 'கிஸ்' நடன விடுதியில் அதே கதை, 242 உயிர்கள். எரியும் ஃபோம் கக்கிய ஹைட்ரஜன் சயனைடு பலரைக் கொன்றது. ரோட் ஐலண்டில் ஃபோமை ஒட்டியதே அக்கம்பக்கத்தார் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்ததால்தான். உண்மையில் ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும்.

'தீ பிடிக்காதது' என்ற முத்திரையையும் அப்படியே நம்ப முடியாது. 'ஹெச்.எஃப்.-1' என்ற சான்றிதழ் பல விளம்பரங்களில் வருகிறது. சின்னத் துண்டைப் படுக்கவைத்துச் செய்யும் சோதனை அது. சுவர் முழுக்க நிற்கும் ஃபோமில் தீ எப்படி ஏறும் என்பதை அது சொல்லாது. (முட்டை அட்டையை ஒட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ் தொல்லையே இல்லை. ஒலியும் பெரிதாக அடங்காது; கரப்பான்கள் மட்டும் குடியேறும்.)

அப்படியானால் எதை வாங்குவது? கல்லையும் கண்ணாடியையும் உருக்கி இழைத்த ராக் வூல், கிளாஸ் வூல் ஆகியவற்றில் இழை எரியாது. பூசணத்துக்கு இரையும் ஆகாது. படிந்த தூசியில்தான் பூசணம் வளரும். புற்றுநோய் வருமோ என்ற பயம் பழையது. 2001இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் காப்புப் பஞ்சுகளைச் சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டது. ஆனாலும் அரிப்பு நிஜம். பொருத்துகிறவருக்கு முகமூடியும் கையுறையும் வேண்டும். பழைய கட்டடங்களின் கூரையில் தெளித்த ஆஸ்பெஸ்டாஸ் முற்றிலும் வேறு சரக்கு. அதைச் சுரண்டவே கூடாது.

பஞ்சு நனைந்தால் துளைகளில் நீர் நிரம்பி ஒலி உறிஞ்சுவது குறையும், தொங்கியும் போகும். எனவே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் சுற்றி, துளையிட்ட அலுமினியத் தகட்டுக்குப் பின்னே வைப்பது வழக்கம். கீச்சு ஒலி உறிஞ்சுவது மட்டும் கொஞ்சம் குறையும். உணவுக்கூடத்துக்கு அது பொருட்டில்லை. மரச்சுருளைச் சிமெண்டில் கெட்டித்த பலகை ஈரத்துக்கும் தீக்கும் நன்றாகவே நிற்கும். பழைய பாட்டில்களிலிருந்து செய்யும் பாலியெஸ்டர் பலகை மக்காது, ஆனால் தீயில் உருகிச் சொட்டும். கேரளத்துக் கயிற்றுநார் மக்க நாளாகும். தீத்தடுப்புப் பூச்சு இல்லாமல் வாங்கக் கூடாது. சாதாரண ஜிப்சம் பலகை ஈரத்தில் தொய்யும்.

உள்ளரங்க நீச்சல் குளங்களில் பலகையைவிட அதைத் தாங்கும் கம்பி முக்கியம். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் 1985இல் ஒரு குளத்தின் கான்கிரீட் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தனர். குளோரின் கலந்த காற்றில் அரித்து அறுந்தவை துருப்பிடிக்காது என்று நம்பிய எவர்சில்வர் கம்பிகள்.

எல்லாச் சுவரையும் மூட வேண்டியதும் இல்லை. சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தந்த சூத்திரப்படி, 5க்கு 4 மீட்டர் தரையும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையில் எதிரொலி அரை விநாடியில் அடங்க சுமார் 19 சதுர மீட்டர் முழு உறிஞ்சுபரப்பு போதும். திரைச்சீலையும் உட்கார்ந்திருக்கும் மனிதர்களும்கூட அந்தக் கணக்கில் சேர்வார்கள். சுவர், தரை, கூரையின் மொத்தப் பரப்போ 94 சதுர மீட்டர்.

ஒட்டுவதைவிட மாட்டுவது மேல். 5 செ.மீ. பலகையைச் சுவரிலிருந்து இன்னொரு 5 செ.மீ. தள்ளி நிறுத்தினால் கனத்த ஒலியையும் கூடுதலாக உறிஞ்சும், பின்னால் காற்றும் ஓடும். ஈரப்பதமானி வைத்து அறையை 60 சதவீதத்துக்குள் காப்பது நல்லது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பலகையைக் கழற்றி முதுகைப் பார்க்க வேண்டும். கொக்கியில் மாட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை.