கடலைப் படித்தவர்கள் – 7: ராத்திரி வகுப்பு

போன வாரம் சதீஷ் பாஸ்கரை சுஹேலித் தீவில் விட்டிருந்தோம். ஐ.ஐ.டி. படிப்பைப் பாதியில் உதறியவர், 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் அந்த ஆளில்லாத் தீவில் தனியாகக் கிடந்தார். அவர் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்ட கடிதம் இலங்கை மீனவர் ஒருவர் கைக்குப் போய், அங்கிருந்து தபாலில் மனைவிக்கு வந்து சேர்ந்தது. அவரும் ரோமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணை நண்பர்களும் எழுபதுகளில் மெட்ராஸ் கடற்கரையில் தொடங்கிவைத்த ராத்திரி நடைக்கு இந்த வாரம் வருவோம்.

அவர்கள் தேடியது பங்குனி ஆமையை. பெயர் பங்குனி என்றாலும் ஜனவரியிலேயே கரையேறத் தொடங்கிவிடும். அவர்கள் தொடங்கிய முட்டைப் பொரிப்பகம் பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை என்று கைமாறி, எண்பதுகளின் கடைசியில் நின்றுபோனது. 1988-ல் அதைத் திரும்பக் கையில் எடுத்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். 'மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு' என்று பேர் வைத்தார்கள். சம்பளம் கிடையாது, சான்றிதழுக்கும் யாரும் வரவில்லை.

வேலை என்னவோ எளிமைதான். நள்ளிரவு வாக்கில் நீலாங்கரையில் கிளம்பி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர்க் குப்பங்களைத் தாண்டி, விடியும் முன் பெசன்ட் நகர் வந்து சேர வேண்டும். மணலில் ஆமை ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று. இரண்டும் சேருமிடத்தில் மணல் கலைந்திருந்தால் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். கெட்டியான மணலில் குச்சி நிற்கும். குழி இருந்தால் சட்டென்று உள்ளே இறங்கும். சில சமயம் ஆமை ஏறிவந்து, மனசு மாறி, முட்டையிடாமலே திரும்பியிருக்கும். அன்றைக்கு நடந்ததுதான் மிச்சம்.

கிடைத்தால் ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைக்கு மேல். அவற்றைச் சில மணி நேரத்துக்குள், புரட்டாமல், குலுக்காமல் பொரிப்பகம் சேர்க்க வேண்டும். கரு ஓட்டின் மேற்பக்கம் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டை புரண்டால் கரு பிழைக்காது. அங்கே மறுபடி குழி தோண்ட வேண்டும், தாய் தோண்டிய அதே வடிவில்: கழுத்து குறுகி அடி அகன்ற கூஜா மாதிரி. ஏறக்குறைய 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் குஞ்சு வரும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கும். சூடு கூடினால் பெண். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகிற உயிரியல், பொரிப்பகத்துக்கு எங்கே எவ்வளவு நிழல் போடுவது என்ற கேள்வியாக வந்து நிற்கும்.

அப்படி நடந்தவர்களில் ஒருவர் கார்த்திக் சங்கர், அப்போது விலங்கியல் மாணவர். நேராக ஆமை ஆராய்ச்சிக்குப் போய்விட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் பிடித்தது நீலகிரிச் சோலைகளின் எலிகளை! கடலுக்குத் திரும்பியது அதற்குப் பிறகு. கிழக்குக் கரை ஆமைகளின் மரபணுவை ஹைதராபாத் ஆய்வகத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து, 2004-ல் முடிவை வெளியிட்டார். ஒடிசாவில் கூட்டங்கூட்டமாக ஏறும் ஆமைக்கும் சென்னையில் ஒன்றிரண்டாக ஏறும் ஆமைக்கும் மரபணுவில் வேற்றுமை இல்லை. உலகின் மற்றக் கடல்களில் உள்ள இந்த இன ஆமைகளுக்கு மூல வம்சமே இந்தப் பக்கத்து ஆமைதான் என்று அந்த ஆய்வு சொன்னது.

ஆனால் அறிவியல் கற்றவனுக்குப் பொரிப்பகத்தின் மீதே சந்தேகம் வரத்தான் செய்யும். ஆயிரம் குஞ்சில் ஒன்று வளர்ந்து ஆளாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இழுவைமடியில் சிக்கி, மேலே வந்து மூச்சுவிட வழியில்லாமல் ஒரே ஒரு வளர்ந்த ஆமை செத்தால், அதை ஈடுகட்ட ஏறக்குறைய பத்துக் குழி முட்டையைக் காப்பாற்றியாக வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் இருக்கிறது, ஆனால் அது தொடங்குவது ஏப்ரல் 15-ல். அதற்குள் ஆமைகள் பெரும்பாலும் முட்டையிட்டு முடித்திருக்கும்.

அப்படியானால் எதற்கு இந்த நடை? என்னைக் கேட்டால், ஆமையைவிட மாணவனுக்குத்தான் அதில் லாபம் அதிகம். எந்தக் கல்லூரிச் சோதனைச்சாலையிலும் அவனுக்கு பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்து மீனவர் வாத்தியாராக வாய்க்க மாட்டார். நீரோட்டம் எப்போது திரும்பும், எந்தப் பருவத்தில் எந்த மீன் வரும், தடம் புதிதா பழசா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அரையிருட்டில் வலையோடு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரிடம் பேசத் தெரிந்தவனுக்குத்தான் கடல் பாதுகாப்பில் அடுத்த படி தெரியும்.

கார்த்திக் சங்கரும் நண்பர்களும் 2008-ல் தொடங்கிய தக்‌ஷிண் அறக்கட்டளை அந்தப் பேச்சையே வேலையாக எடுத்துக்கொண்டது. ஒடிசாவில் ஆமைக்காக நவம்பர் முதல் மே வரை, முகத்துவாரங்களையொட்டி 20 கிலோமீட்டர் தூரத்துக்கு மோட்டார் படகுகள் மீன்பிடிக்கத் தடை. ஆமையைக் காக்கும் அதே சட்டம் சிறுபடகுக்காரனின் அடுப்பை ஏழு மாதம் அணைத்துவைக்கிறது. இதில் யார் பக்கம் நிற்பது? அடுத்த வாரம் ரிஷிகுல்யா முகத்துவாரத்துக்குப் போவோம்.

(தொடரும்)