நீரை நீர்க்கச் செய்யும் நீச்சல்காரர்கள்

தண்ணீரில் களிமண்ணைக் கரைத்தால் சேறாகிறது. சேறு தண்ணீரைவிட மெதுவாக ஓடும் என்பது குழந்தைக்கும் தெரிந்த விஷயம். திரவத்தின் ஓட்டத்துக்கு ஏற்படும் இத்தடையைப் பாகுத்தன்மை என்பர். திரவத்தில் மிதக்கும் நுண்துகள்கள் இத்தடையை எவ்வளவு உயர்த்தும் என்று 1906-ல் ஐன்ஸ்டீன் கணக்கிட்டார். துகள் சேரச் சேரத் தடையும் கூடும் என்பது அவர் கண்ட முடிவு.

ஆனால் அத்துகள்கள் உயிருள்ள கிருமிகளாக இருந்து, தாமே நீந்தத் தொடங்கினால் என்ன ஆகும்? தடை கூடுவதற்குப் பதில் குறையவும் கூடும் என்று 2004-ல் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வியாசம் வெளியிட்டார்கள். ஒரு சொட்டு நீரைக்கூடத் தொடாமல், காகிதத்தில் கணக்கிட்டே சொன்ன முடிவு அது. எழுதியவர் நால்வர்: யஷோதன் ஹத்வல்னே, ஸ்ரீராம் ராமஸ்வாமி, மதன் ராவ், அதிதி சிம்ஹா.

இவர்களுள் ராமஸ்வாமி 1983-ல் சிகாகோ சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1986-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். திடமென்றும் திரவமென்றும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத பசை, நுரை, திரவப் படிகம் முதலிய மிருதுப் பொருள்களே அவர் ஆராய்ச்சிக்கு அடிப்படை. அங்கிருந்துதான் அவர் நீந்தும் கிருமிகளிடம் வந்து சேர்ந்தார்.

கிருமியின் நீச்சல் நம் நீச்சலைப் போன்றதன்று. நமது குடலில் வாழும் ஈ. கோலைக் கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்கு. அத்தனை சிறிய உடலுக்குத் தண்ணீரே வெல்லப்பாகு. நாம் கை வீசுவதை நிறுத்தினாலும் சிறிது தூரம் மிதந்து செல்வோம். அதுவோ நீந்துவதை நிறுத்தினால் ஓர் அணுவின் அகலங்கூட முன்னே போகாது.

இப்படிப்பட்ட ஜீவன்கள் ஆயிரக்கணக்கில் ஒரே திசை நோக்கி அணிவகுத்துச் செல்ல முடியுமா? 2002-ல் ராமஸ்வாமியும் அதிதி சிம்ஹாவும் இதை ஆராய்ந்து, முடியாது என்றனர். ஊர்வலத்தில் நடப்பவனுக்குத் தரை உண்டு. அவன் உதைக்கும் உதையைத் தரை வாங்கிக்கொள்கிறது, அண்டை வரிசையைப் பாதிப்பதில்லை. நீரில் நீந்தும் கிருமியின் உதையோ நீரின் வழியாகவே மற்றக் கிருமிகளை எட்டுகிறது. அணியில் சிறு கோணல் ஏற்பட்டால் அவை கிளப்பும் ஓட்டமே அக்கோணலைப் பெரிதாக்கும். ஆகவே அணி போதிய அளவு பெரிதானால் குலைந்தே தீரும்.

2004-ம் வருஷத்து முடிவும் இந்த உதையிலிருந்தே பிறந்தது. வாலைச் சுழற்றி நீந்தும் கிருமி, வாலால் நீரைப் பின்னுக்கும் உடலால் முன்னுக்கும் தள்ளுகிறது. அதாவது தன் நீளவாக்கில் இருபுறமும் நீரை வெளியே விலக்குகிறது. இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள நீரை, மேல் தகட்டை நகர்த்தி ஓடச் செய்தால், நீர் ஒரு சாய்வான திசையில் இழுபடும். நீண்ட உடல் கொண்ட கிருமிகள் பெரும்பாலும் அத்திசையையே ஒட்டிச் சாய்ந்து நிற்கும். நாம் எத்திசையில் நீரை இழுக்கிறோமோ அத்திசையில் அவையும் தள்ளுகின்றன. பாரவண்டியைப் பின்னாலிருந்து நாலு பேர் தள்ளினால் மாட்டுக்குச் சிரமம் குறைவதுபோல, தகட்டை நகர்த்தும் கைக்குச் சிரமம் குறைகிறது. மாயம் ஒன்றுமில்லை, கிருமி தின்ற தீனியே இதற்குக் கூலி. இதற்கு மாறாக, முன்புறத்தில் இரு கை வீசி நீந்தும் பாசியுயிர் நீரை உள்ளே இழுப்பதால் அது தடையை உயர்த்தவேண்டும்.

சோதனைகள் பின்னரே வந்தன. 2009-ல் அமெரிக்காவின் ஆர்கான் சோதனைச்சாலையில், நீந்தும் கிருமிகள் நிறைந்த திரவத்தின் பாகுத்தன்மை ஏழில் ஒரு பங்கு வரை இறங்கக் கண்டார்கள். 2010-ல் பிரான்ஸிலுள்ள கிரெனோபிளில் பாசியுயிர்கள் தடையை உயர்த்தக் கண்டார்கள். 2015-ல் பாரிஸுக்கருகேயுள்ள ஓர்ஸேயில் ஈ. கோலைக் கிருமிகளை விட்டுப் பார்த்தபோது தடை ஏறக்குறைய இல்லாமலே போயிற்று!

இதனால் ஏழை நாட்டுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர் உண்டு. மருந்தோ யந்திரமோ இதிலிருந்து வந்துவிட்டதாக நாம் சொல்லவில்லை. சேறு, பசை, இரத்தம் இவையெல்லாம் எப்படி ஓடுகின்றன என்று அறியாமல் எந்தத் தொழிலும் வளர்ந்ததில்லை என்பது மட்டும் நிச்சயம். நமக்குள்ள குறை வேறு. இங்கே போட்ட கணக்கை அங்கேயே சோதித்துப் பார்க்கவேண்டியிருந்ததே என்பதுதான் அது. கணக்குக்குக் காகிதம் போதும். சோதனைக்குப் பணம் வேண்டும், கருவி வேண்டும், பொறுமையும் வேண்டும்.

அக்குறையும் ஓரளவு தீர்ந்தது. ராயல் சொஸைட்டி ராமஸ்வாமியை 2016-ல் அங்கத்தினராக ஏற்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2014-ல், அவரும் அதே கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஏ. கே. ஸூதும், நிதின் குமார், ஹர்ஷ் ஸோனி ஆகியோருடன் சேர்ந்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். அதில் கிருமியும் இல்லை, நீரும் இல்லை. அதிரும் தட்டின்மேல் சில மில்லிமீட்டர் நீளமுள்ள பித்தளைத் துண்டுகள். சுற்றிலும் அலுமினிய மணிகள். துண்டுகளின் ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருப்பதால், தட்டு அதிரும்போது அவை தாமே நகரும். மணிகளுக்குத் தாமாக ஒரு திசையில் செல்லும் சக்தி கிடையாது. மணிகள் குறைவாக இருந்தவரை துண்டுகள் திசைக்கொன்றாக அலைந்தன. மணிகளை நெருக்கிப் போட்டதும், ஒவ்வொரு துண்டும் தன்னைச் சுற்றியுள்ள மணிகளைத் தள்ளிச் செல்ல, அம்மணிகளின் ஓட்டம் தூரத்திலிருந்த துண்டுகளையும் திருப்பிவிட்டது. சற்று நேரத்தில் எண்ணிக்கையில் மிகச் சிலவேயான துண்டுகளும், அவற்றோடு அத்தனை மணிகளும் ஒரே திசையில் வலம் வரத் தொடங்கின.